உள்ளே வந்த புழுவைப் பட்டினி போடும் சோயா

சோயா செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரைப் பதமாக அலசிப் பாருங்கள். சில சமயம் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளை மணிகள் ஒட்டியிருக்கும். அதை வேர் முடிச்சு என்று நினைத்துவிடக் கூடாது, முடிச்சு நன்றாகவே பெரிது. இந்த மணி ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ வடிவில் உப்பிப்போன ஒரு பெண் நூற்புழு. செத்த பிறகு அதன் உடலே பழுப்பு நிறக் கூடாக இறுகி, உள்ளிருக்கும் சில நூறு முட்டைகளை வருடக்கணக்கில் மண்ணில் காத்து வைத்திருக்கும். அமெரிக்காவில் இதை முதலில் கண்டது 1954-இல், வட கரோலினாவில்.

இந்தப் புழுவைத் தாங்கும் எதிர்ப்பு ரகம் என்றால் அதை வேருக்குள்ளேயே விடாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை, தாராளமாக விடுகிறது. நூலிழை போன்ற இளம்புழு ஊசி வாயால் குத்திக் குத்தி வேரின் நடுப்பகுதிக்குப் போய், ஒரு செல்லைப் பிடித்து அதில் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அக்கம்பக்கத்துச் செல்களின் சுவர்கள் கரைந்து, எல்லாம் சேர்ந்து ஒரே தீனித்தொட்டி ஆகிவிடும். அப்புறம் பெண்புழுவால் நகர முடியாது. எதிர்ப்பு ரகத்தில் இந்தத் தொட்டிதான் சில நாட்களில் அழிந்துபோகிறது.

எப்படி? பி.ஐ. 88788 என்ற பழைய சோயா வகையில் விடை இருந்தது. அதன் 18-ஆவது குரோமோசோமில் ஆர்.எச்.ஜி.1 என்றொரு பகுதி. சாதாரண சோயாவில் ஒரே ஒரு முறை வரும் டி.என்.ஏ. துண்டு, இதில் சுமார் பத்து முறை வரிசையாக நிற்கிறது. 2012-இல் இது வெளியானது. புதிதாக ஒரு மரபணு வந்து சேர்ந்திருக்கும் என்று தேடினால், இருந்ததே பல பிரதிகளாகப் பெருகியிருந்தது! அதிலுள்ள ஒரு புரதம் செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்தைக் கவனிப்பது. எதிர்ப்பு வகையில் அதன் வடிவம் சற்று மாறியிருக்கிறது. தீனித்தொட்டியில் அது அளவுக்கு மீறிச் சேர்ந்து போக்குவரத்தையே முடக்கிவிடுகிறது.

இதை நல்ல மகசூல் ரகத்துக்குள் கொண்டுவரக் கலப்பு செய்து, நாற்றின் துளி இலையில் டி.என்.ஏ. பார்த்து, இந்தப் பகுதி வராதவற்றைக் கழிப்பார்கள். ஆனாலும் செடியை வளர்த்துப் பார்க்கும் சோதனையைத் தவிர்க்க முடியாது. புழு முட்டை கலந்த மண்ணில் சுமார் 30 நாள் வளர்த்து, வேரைச் சல்லடை மேல் பீய்ச்சிக் கழுவி, நுண்ணோக்கியில் பெண்புழுக்களை எண்ண வேண்டும். எதிர்ப்பே இல்லாத ரகத்தில் 100 என்றால் இதில் 10-க்குள் இருந்தால்தான் தேறும். கண்ணைப் பிடுங்கும் வேலை!

சரி, தொல்லை எங்கே? அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியின் எதிர்ப்பு ரகங்களில் மிகப் பெரும்பாலானவை இதே பி.ஐ. 88788-இன் வாரிசுகள். வருடா வருடம் அதையே தின்னக் கொடுத்தால், அதைத் தாங்கும் புழுக்கள்தானே பெருகும்? இன்னொரு மூலமான பீக்கிங் வகையில் ஆர்.எச்.ஜி.1 மூன்று பிரதிதான். 8-ஆவது குரோமோசோமிலிருந்து ஆர்.எச்.ஜி.4 என்ற இன்னொரு எதிர்ப்புப் பகுதியும் கூட வந்தால்தான் அது முழுதாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துக் கடத்த வேண்டும். பீக்கிங் விதையோ கறுப்பு. விதைத்தோல் நிறத்தின் மரபணு ஆர்.எச்.ஜி.4-ஐ ஒட்டியே இருப்பதால், மஞ்சள் விதை கேட்ட ஆரம்பகால ஆய்வாளர்களுக்கு இரண்டையும் பிரிப்பதே பெரும்பாடாக இருந்தது.