ஆன்டிபயாடிக் ஊசி ஆபரேஷனுக்கு முன்னால்தான்

“டாக்டர், புண் சீழ் வைக்காம இருக்க பவரான மாத்திரை எழுதிக் குடுங்க.” மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தவர்களின் வீட்டார் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். எழுதித் தராவிட்டால், தண்டையார்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு மெடிக்கலில் அவர்களே வாங்கிவிடுகிறார்கள்.

மலக்குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் எப்போதும் குடியிருக்கின்றன. குடலை வெட்டும்போது அவை புண்ணில் படத்தான் செய்யும். அந்த நேரத்தில் திசுவில் மருந்து இருந்தாக வேண்டும். அதனால்தான் கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் நரம்பில் ஊசி போடுகிறோம். பெரும்பாலும் செஃபசோலினும் மெட்ரோனிடசோலும். ஆபரேஷன் 4 மணி நேரத்தைத் தாண்டினால் செஃபசோலின் இன்னொரு டோஸ். பென்சிலின் அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

முந்தின நாள் பேதி மருந்தோடு ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுப்பதுண்டு. “வயிறுதான் காலியாயிடுச்சே” என்று மாத்திரையைத் தலையணைக்கடியில் வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். பேதி மருந்து மட்டும் புண் தொற்றைக் குறைக்காது.

சரி, தையல் போட்ட பிறகு? தொற்று வராமல் தடுக்கத் தரும் ஆன்டிபயாடிக்கின் வேலை அதோடு முடிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதலும் அதற்கு மேல் நீட்டிக்க வேண்டாம் என்றே சொல்கிறது. நாள்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப்போக்கு வரலாம், மருந்துக்கு அடங்காத கிருமி வளரலாம். தொற்று ஏற்கெனவே இருந்தால் கதை வேறு. அப்போது தருவது சிகிச்சை.

ஆசனவாயையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அது இருந்த இடத்தில் வரும் புண் தனித் தொல்லை. முன்பே ரேடியேஷன் எடுத்திருந்தால் ஆற இன்னும் நாளாகும். அங்கே உதவுவது சர்க்கரைக் கட்டுப்பாடு, பீடி சிகரெட்டை விடுவது, நல்ல சாப்பாடு. மீனவர் பகுதியான காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவருக்கே “புண்ணுக்கு ஆகாது” என்று மீனை நிறுத்திவிடுகிறார்கள்! சாப்பிட அனுமதித்த பிறகு தாராளமாகக் கொடுங்கள், புண் ஆறப் புரதம் வேண்டும்.

காய்ச்சல், சீழ், நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி, இதில் எது வந்தாலும் அன்றே வாருங்கள். தேங்கிய சீழை வெறும் மாத்திரை வற்ற வைக்காது. சில தையலைப் பிரித்து வெளியேற்ற வேண்டியிருக்கும். நீங்களாக ஏதாவது வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அந்த அட்டையையும் எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது அது தெரிந்தாக வேண்டும்.