வெட்சி என்கிற இட்லிப்பூ

நாற்றுப்பண்ணையில் போய் வெட்சிச்செடி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் யோசிப்பார்கள். இக்சோரா என்றாலோ இட்லிப்பூ என்றாலோ உடனே எடுத்துத் தந்துவிடுவார்கள். மூன்றும் ஒரே செடிதான். கொத்து உப்பலாக, இட்லி போல இருப்பதால் இட்லிப்பூ. விருட்சிப்பூ என்று சொல்லும் ஊர்களும் உண்டு.

இக்சோரா என்ற பெயரின் கதை விசித்திரமானது. அது ஈசுவரன் என்ற சொல்லின் திரிபு. எக்ஸ் எழுத்தைப் போர்த்துக்கீசியர் 'ஷ' என்று ஒலிப்பார்கள். அவர்கள் 'ஈஷ்வர' என்று காதில் கேட்டதை அந்த எழுத்தைப் போட்டு எழுதினார்கள். 1753-இல் செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயசு அதையே பேரினப் பெயராக, அதாவது நெருங்கிய செடி இனங்களுக்கெல்லாம் பொதுப்பெயராக வைத்தார். பிறகு படித்தவர்கள் எல்லாரும் 'க்ஸ்' என்று ஒலிக்க, ஈசுவரன் இக்சோரா ஆகிவிட்டார். இந்தச் செடியின் முழுப்பெயர் இக்சோரா காக்சினியா. காக்சினியா என்றால் பளிச்சென்ற சிவப்பு.

லின்னேயசுக்கு முன்பே, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த, மலபார்ச் செடிகளைப் பற்றிய 'ஓர்த்தூசு மலபாரிக்கூசு' என்ற இலத்தீன் நூலில் இந்தச் செடி 'செத்தி' என்ற பெயரில் படத்தோடு இருக்கிறது. மலையாளத்தில் இன்றும் செத்தி, தெச்சி. முருகன் மாலையைப் பாடும்போது அருணகிரிநாதர் செச்சை என்பார், அதுவும் வெட்சிதான். செச்சை, செத்தி, தெச்சி என்று சொல்லிப் பாருங்கள், ஒரே குடும்பம் என்று காதே சொல்லிவிடும்.

சங்கப் புலவர்கள் வெட்சியை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் குறிஞ்சிக்கு அடுத்தே வெட்சி வருகிறது. திருமுருகாற்றுப்படை 'செங்கால் வெட்சிச் சீறிதழ்' என்கிறது. ஒரு பூவைக் கொத்திலிருந்து உருவிப் பாருங்கள்: ஈர்க்குச்சி போல நீண்ட சிவந்த குழல், அதன் நுனியில் நான்கே நான்கு சிறிய இதழ்கள். செங்கால், சீறிதழ் என்ற இரண்டு சொல்லில் செடி முழுவதும் வந்துவிட்டது! குழலுக்குள் இருக்கும் மெல்லிய தண்டை மெதுவாக இழுத்தால் அடியில் ஒரு துளி தேன் ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் அதை உறிஞ்சுவார்கள். அப்புறம் ஒரு பூவின் குழலை இன்னொன்றின் வாய்க்குள் செருகிச் செருகி, நூலே இல்லாமல் மாலை கட்டுவார்கள்.

போருக்கும் இந்தப் பூ பெயர் தந்திருக்கிறது. பகைவர் நாட்டு ஆநிரையை, அதாவது மாட்டுக் கூட்டத்தை, களவாகக் கவர்ந்து வரப் போகிறவர்கள் சூடியது வெட்சி. 'வெட்சி தானே குறிஞ்சியது புறனே' என்பது தொல்காப்பியம்: காதலைப் பாடும் குறிஞ்சித் திணைக்குப் போர்ப்பக்கத்தில் இணையானது வெட்சித் திணை. மலை, இரவு, ஒருவரும் அறியாமல் போவது என்று குறிஞ்சியின் களவோடு, அதாவது ஊரறியாத காதலோடு, எல்லாமே பொருந்துகிறது.

வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான, காப்பிச்செடிக் குடும்பத்துப் புதர்ச்செடி. எவர்கிரீன் என்பதற்குப் பசுமைமாறா என்று சொல்லலாம். வெட்சி பசுமைமாறாப் புதர். இலை எதிரெதிராக, தடிப்பாக, பளபளவென்று இருக்கும். மொத்தமாக உதிர்ந்து செடி மொட்டையாக நிற்பதே கிடையாது. செம்மண்ணில் தழைக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காமல் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

சரி, இக்சோராவைத் தமிழில் எப்படிச் சொல்வது? நாட்டுச் செடிக்கு வெட்சி என்ற பெயர் இருக்கும்போது வேறொன்று தேட வேண்டியதில்லை. உலகெங்கும் ஐந்நூறுக்கு மேல் இனங்கள் உள்ள இக்சோரா பேரினத்தை வெட்சிப் பேரினம் என்று சொல்லிவிடலாம். கடைகளில் சீன வெட்சியும் கலப்பினக் குட்டைச்செடிகளும் சேர்ந்தே விற்கும் என்பதால், வாங்கும்போது இதழைப் பாருங்கள். சீன வெட்சிக்கு இதழ்நுனி உருண்டிருக்கும், நாட்டு வெட்சிக்குக் கூராக இருக்கும்.