ஸ்பாண்டிலோசிஸ்: ‘தேய்மானம்’ சொல்வது பாதியைத்தான்

ஸ்கேன் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி அத்தை கேட்டார்: “ஏம்ப்பா, சி5, சி6னு போட்டிருக்கே, ஸ்கூல்ல போடுற சி கிரேடு மாதிரியா?”

அவர் பயந்தது அந்த எழுத்துக்குத்தான். லத்தீனில் கழுத்துக்கு ‘செர்விக்ஸ்’ என்று பெயர். சி அதன் முதலெழுத்து. கழுத்தில் உள்ள 7 முள்ளெலும்புகள் சி1 முதல் சி7 வரை. தலையைக் குனிந்து பிடரிக்குக் கீழே தடவினால் முட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் சி7. (கருப்பை வாய்ப் புற்றுநோயையும் ‘செர்வைக்கல்’ என்கிறார்களே என்று குழம்புவோர் உண்டு. அதே சொல்தான். லத்தீன்காரர்கள் அதைக் கருப்பையின் கழுத்தாகப் பார்த்தார்கள், நாம் வாயாகப் பார்த்தோம்.)

ரிப்போர்ட்டில் இருந்தது ‘செர்வைக்கல் ஸ்பாண்டிலோசிஸ்’. அத்தையோ பார்க்கிறவர்களிடமெல்லாம் “எனக்கு ஸ்பாண்டிலைட்டிஸ்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் இரண்டும் வேறு வேறு. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி: டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் போல. முதுகெலும்பு அழற்சி பெரும்பாலும் இளவயதிலேயே தலைகாட்டும். காலையில் எழும்போது முதுகு விறைத்துக் கிடக்கும், நடமாட நடமாட இளகும். ‘ஓசிஸ்’ என்ற ஈறு ஒரு நிலையை மட்டும் சொல்கிறது. இங்கே அது வயது கொண்டுவரும் நிலை. அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே எடுத்தால் ஏதாவதொரு மாற்றம் தெரியும், வலியே இல்லாதவர்களுக்கும்.

முன்பாதியான ‘ஸ்போண்டுலோஸ்’ கிரேக்கச் சொல். முள்ளெலும்பு என்பது பொருள். நூல் நூற்கும் தக்களியில் குச்சியில் கோத்த வட்டு இருக்குமே, அதற்கும் இதே சொல்தான். கோத்து அடுக்கிய வட்டுகளாக அவர்கள் முதுகைக் கண்டார்கள். நமக்கு முதலில் கண்ணில் பட்டது முள். மீனைத் தின்று பழகிய நாக்குக்கு அதில் வியப்பில்லை. இலங்கையில் ‘முள்ளந்தண்டு’ என்பார்கள். முள்ளும் தண்டும் சேர்ந்து நிற்கும் அந்தச் சொல் எனக்கு ‘முதுகெலும்பு’ என்பதைவிடப் பிடிக்கும். ‘தண்டுவடம்’ இவற்றிலிருந்து வேறு: தேர்வடம் போல உள்ளே ஓடும் நரம்புக் கயிறு. எலும்பைத் தண்டுவடம் என்று எழுதுவது தவறு.

சரி, தமிழில் என்ன சொல்வது? மக்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்: கழுத்தெலும்புத் தேய்மானம். கணக்குப் புத்தகத்தில் இயந்திரத்துக்கு எழுதுகிற அதே தேய்மானம். நல்ல சொல்தான், ஆனால் பாதி உண்மை. வயதாக ஆக எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டு (டிஸ்க்) நீர் வற்றிச் சப்பையாகிறது, அதுவரை சரி. ஆனால் சுமை ஓரங்களுக்கு மாறியதும் எலும்பு அங்கே கொம்பு போலப் புதிதாக வளர்கிறது. நரம்பு வெளியேறும் துளையை நெருக்குவது பல நேரம் இந்த வளர்ச்சிதான். தேய்ந்ததும் வளர்ந்ததும் சேர்ந்த நிலைக்கு ‘முள்ளெலும்பு முதுமாற்றம்’ என்று எழுதலாம் என்பது என் கட்சி. பேச்சில் தேய்மானமே இருக்கட்டும்.

‘ஜவ்வு’தான் பெரிய தொல்லை. வட்டும் ஜவ்வு, எலும்போடு எலும்பைக் கட்டும் நாணும் ஜவ்வு, மூட்டின் குருத்தெலும்பும் ஜவ்வு. “ஜவ்வு போச்சு” என்றால் எது போனது?

இது ஏன் முக்கியம் என்றால், ரிப்போர்ட்டில் ‘இன்ஸ்டபிலிட்டி’ என்றொரு சொல் வந்தால் அங்கே நாணும் கணக்கில் வரும். விபத்து, முடக்குவாதம், சில நேரம் முதுமாற்றமே நாணின் பிடியைத் தளர்த்திவிட, ஓர் எலும்பு அடுத்ததன் மேல் அளவுக்கு மீறி நகரும். குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். கழுத்தில் 3.5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தாலோ, பக்கத்து இணைப்புகளைவிட 11 பாகைக்கு மேல் கோணம் மாறினாலோ சந்தேகப்படுவது வழக்கமான அளவுகோல். மேல்முதுகில் இது குறைவு, விலாக்கூடு இறுக்கிப் பிடித்திருப்பதால். அப்பகுதிக்குரிய ‘தொராக்ஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மார்புக்கவசம் என்றும் பொருள்.

இதற்கு ‘நிலைப்புத்தன்மையின்மை’ என்று நாக்கு சுளுக்கும்படி எழுதுகிறார்கள். பல் ஆடுகிறது என்கிறோம், தூண் ஆட்டங்கண்டுவிட்டது என்கிறோம். ‘முள்ளெலும்பு ஆட்டம்’ போதாதா? எலும்பு இடம் பெயர்ந்து அங்கேயே நின்றுவிட்டால் அது ‘நழுவல்’. நழுவியதெல்லாம் ஆடுவதில்லை.

அத்தைக்கு ஆட்டமும் இல்லை, நழுவலும் இல்லை. “சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறுதா, நடை தள்ளாடுதா, ஒண்ணுக்கு அடக்க முடியாமப் போகுதா?” என்று மட்டும் டாக்டர் கேட்டாராம். தண்டுவடம் நெருக்கப்பட்டால் அப்படித்தான் தெரியவரும். அதில் ஒன்று வந்தாலும் உடனே வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்.