தந்தி: வீணை நரம்பு செய்தியான கதை

மார்கழிக் குளிரில் "பல் தந்தியடிக்குது" என்று இன்றும் சொல்கிறோம். சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு தந்தியைக்கூடக் கையில் வாங்கியிருக்க மாட்டார்கள். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை நடுவில் நிறுத்தப்பட்டது. சேவை போனாலும் சொல் போகவில்லை.

தந்தி என்பதன் முதற்பொருள் செய்தி அல்ல. யாழிலும் வீணையிலும் கட்டுகிற நரம்புதான். வடமொழியில் அது 'தந்த்ரீ'. அதன் வேருக்கு நீட்டுதல், விரித்தல் என்று பொருள். நூலிழையைக் குறிக்கும் 'தந்து'வும் அதே வேரில் பிறந்தது. (யானையைக் குறிக்கும் 'தந்தி' வேறு, தந்தம் உடையது என்பதால் வந்த பெயர் அது.) இசைக்கருவியின் இழைக்குத் தமிழில் நரம்பு என்ற பழஞ்சொல் இருக்கிறது. தொல்காப்பியம் இசைநூலையே 'நரம்பின் மறை' என்கிறது.

சரி, வீணையில் இருந்த தந்தி தபால் நிலையத்துக்கு எப்படி வந்தது?

இதற்கு மேலை நாட்டுச் சொல்லையும் பார்க்க வேண்டும். 'டெலிகிராப்' என்ற சொல் பிறந்தபோது அதில் மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. பிரான்சில் குளோட் சாப் என்பவர் குன்றுகளிலும் கோபுரங்களிலும் அசையும் மரக்கைகளை நிறுத்தினார். அந்தக் கைகளின் நிலையைத் தொலைநோக்கியில் பார்த்து, அடுத்த கோபுரத்துக்காரர் அப்படியே தன் கைகளைத் திருப்புவார். 1794இல் பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே இப்படிச் செய்தி போயிற்று. சாப் முதலில் நினைத்திருந்த பெயருக்கு 'விரைவெழுத்து' என்று பொருள். நண்பர் ஒருவர் திருத்தியதால் 'தொலைவெழுத்து' எனப் பொருள்படும் கிரேக்கக் கூட்டுச்சொல் ஆயிற்று. 1844 மே 24 அன்று சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மின்சாரத்தால் செய்தி அனுப்பியபோது, மறுமுனையில் வாங்கியவர் ஆல்பிரட் வெயில். கருவியைச் செம்மைப்படுத்தியதில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் என்னவோ மோர்சுக்கே போயிற்று. அந்தக் கருவிக்கும் சாப்பின் பழைய சொல்லையே வைத்துக்கொண்டார்கள்.

ஆக, அவர்களின் சொல் வேலையைச் சொல்கிறது. நம்முடையது கண்ணுக்குத் தெரிந்த பொருளைச் சொல்கிறது. இந்தியாவில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓ'ஷானசி 1839லேயே கம்பி கட்டிச் சோதித்துப் பார்த்தார். கல்கத்தா–டயமண்ட் ஹார்பர் தடம் 1851இல் இயங்கத் தொடங்கியது; 1854இல் பொதுமக்களும் காசு கட்டிச் செய்தி அனுப்பலாம் என்றானது. அவருக்கு வலக்கையாக இருந்தவர் சிப்சந்திர நந்தி என்ற வங்காளி. பத்மா ஆற்றின் அடியில் கம்பியிட மீன்பிடிப் படகுகளையே அமர்த்திக்கொண்டு வேலையை முடித்தவர் அவர். ஓ'ஷானசியின் பெயர் தெரிந்த அளவுக்கு நந்தியின் பெயர் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஊர் ஊராகக் கம்பம் நட்டு இழுத்துக் கட்டிய கம்பியைத்தான் மக்கள் பார்த்தார்கள். வீணைத் தந்தியும் இழுத்துக் கட்டிய கம்பிதானே! இந்திக்காரர்கள் செய்தியையே 'தார்' என்றார்கள். மலையாளிகள் 'கம்பி' என்றார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தமிழர் வாயில் தந்தி நின்றது.

தந்தியை எழுதுவதில்லை, 'அடிப்பது' என்கிறோமே, அது கருவியின் சாவியைத் தட்டுவதால் வந்தது. மோர்ஸ் கருவி முதலில் காகித நாடாவில்தான் புள்ளியும் கோடும் பதித்தது. அப்புறம் வேலை செய்தவர்களுக்கு நாடாவைப் பார்க்கவே தேவையில்லாமல் போயிற்று. 'டக் டக்' ஓசையைக் காதால் கேட்டே எழுதிக்கொண்டார்கள். அந்த வேலைக்குப் பெண்கள் தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள். நெசவாலைத் தொழிலாளிகளின் உரிமைக்குப் போராடிய சாரா பேக்லி, 1846இல் அமெரிக்காவின் லோவல் நகரில் தந்தி நிலையப் பொறுப்பை ஏற்றார். பல் தந்தியடிக்கிறது என்ற நம் வழக்கிலும் கேட்பது அந்த ஓசைதான்.

செய்தி என்ற பொருள் எவ்வளவு வேரூன்றியது என்றால், 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய நாளிதழுக்குத் 'தந்தி' என்பதே பெயரானது. கம்பியே இல்லாமல் அலைவழியாகச் செய்தி போகத் தொடங்கியதும் 'கம்பியில்லாத் தந்தி' என்றோம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கம்பி இல்லாத கம்பி'. மலையாளத்தில் 'கம்பியில்லாக்கம்பி' என்று நேராகவே சொல்கிறார்கள். தந்தியின் பழைய பொருள் மறைந்து, செய்தி என்ற பொருள் முன்னுக்கு வந்துவிட்டதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நேர்த் தமிழ்ச் சொல் என்ன? பொருள் இரண்டு என்பதால் சொல்லும் இரண்டு. இசைக்கருவியில் என்றால் நரம்பு. 'தந்தி வாத்தியம்' நரம்புக் கருவி ஆகும். செய்தி என்றால் தொலைவரி. தொலை என்பது தூரம், வரி என்பது எழுத்து; வரிவடிவம் என்கிறோம் அல்லவா, அந்த வரி. கிரேக்கக் கூட்டுச்சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. தனித்தமிழில் எழுதுவோர் இதைத்தான் கையாள்கிறார்கள். கலைச்சொல்லாகப் பாடநூலில் இதுவே நிற்கட்டும் என்பேன். குளிரில் நடுங்குகிறவரிடம் போய் 'பல் தொலைவரியடிக்கிறதா' என்று மட்டும் கேட்க வேண்டாம், அங்கே தந்திதான்.