சாக்கடையில் ஆன்டிபயாடிக்: மின்முனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்க்கிற மாதிரி, கழிவுநீரில் ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று கரையில் நின்றபடியே பார்க்க முடியாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த பிறகு வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் (சுருக்கமாக சிப்ரோ) என்ற ஆன்டிபயாடிக் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர் யோவாக்கிம் லார்சனின் குழு 2007இல் வெளியிட்டது. அந்த மாத்திரையை விழுங்கியவரின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது! கிருமிகளிடம் எதிர்ப்புத்திறன் வளராமல் இருக்க லார்சன் பின்னர் கணக்கிட்ட வரம்பு லிட்டருக்கு வெறும் 0.064 மைக்ரோகிராம்.

சரி, கருவிக்கு வருவோம். கார்பன் மையால் அச்சிட்ட சின்னப் பட்டை, அதில் மூன்று மின்முனைகள். மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் சிப்ரோ மூலக்கூறு எலக்ட்ரானை இழக்கும், மின்னோட்ட வரைபடத்தில் ஒரு மேடு எழும், மேடு உயர்ந்தால் மருந்து அதிகம்.

சிக்கல் என்னவென்றால், மின்னழுத்தத்தை மாற்றும்போதெல்லாம் தண்ணீரிலுள்ள அயனிகளும் மின்முனையை நோக்கி ஓடிவந்து குவியும். அதுவும் மின்னோட்டம்தான், நமக்கு வேண்டிய துளியூண்டு சமிக்ஞை அதில் மூழ்கிப்போகும். இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் வியப்பு. சுமார் 50 மில்லிவோல்ட் அளவில் நொடிநேர மின்னழுத்தத் துடிப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு, சில பத்து மில்லிவினாடிகள் சும்மா காத்திருக்கிறார்கள். அயனிகள் குவியும் மின்னோட்டம் அடுக்குக்குறி வேகத்தில், அதாவது மளமளவென்று சரிந்து அதற்குள் அடங்கிவிடும். மருந்து தரும் மின்னோட்டமோ, மூலக்கூறுகள் தொலைவிலிருந்து மெல்லப் பரவி வந்துகொண்டே இருப்பதால், நேரம் நான்கு மடங்கானாலும் பாதியாகத்தான் குறையும். ஆகவே துடிப்பின் கடைசியில் அளந்து, துடிப்புக்குச் சற்று முன் அளந்ததை அதிலிருந்து கழித்தால் மருந்தின் மேடு தனியாகத் தெரியும்.

ஆனால் நிஜச் சாக்கடையில் புரதமும் எண்ணெய்ப் பிசுக்கும் மின்முனையில் படிந்து சமிக்ஞையை மங்கவைக்கும். சிப்ரோவைப் போன்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கான நார்ஃப்ளாக்சசினும் கிட்டத்தட்ட அதே இடத்தில் மேடு காட்டும் என்பதால், சிப்ரோவின் வடிவத்திலேயே குழிகள் கொண்ட பாலிமரை மேலே பூசிப் பார்க்கிறார்கள். ஆய்வுப் பணம் இந்தப் படிவுப் பிரச்சினைக்குப் போகவேண்டும் என்பேன். சுத்தமான கரைசலில் இன்னும் நுண்ணிய அளவைக் கண்டுபிடித்தோம் என்று சாதனை காட்டி என்ன பயன்? அப்புறம், மருந்து ஆலைக் கழிவுநீருக்கான 2020 வரைவு விதிகளில் ஆன்டிபயாடிக்குக்கு வரம்பு வைத்த மத்திய அரசு, 2021 இறுதி விதிகளில் அதை எடுத்துவிட்டது. அந்த வரம்பு திரும்ப வராமல் எந்த ஆலை இந்தப் பட்டையைக் காசு கொடுத்து வாங்கும்?