றம்பொடை ஏற்றத்தில் விசிறி என்ன செய்கிறது?

மாத்தளையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் 1968ஆம் ஆண்டுக் கார்மன் கியாக் கார் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பழுதுபார்த்து ஓட்டுகிறார். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும்போது கம்பளை, புசல்லாவை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. றம்பொடை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் பின்பக்கத்திலிருந்து ஒயில் கருகும் மணம் வருகிறது. லபுக்கலையில் தேநீருக்காக நிறுத்தினால், எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில் ஒயில் விளக்கு மினுக்குகிறது. கராஜில் தடித்த ஒயில் ஊற்றச் சொல்கிறார்கள். மாமனாரோ, "மேலே போகப் போக வளி மெலிந்துவிடும், வளியால் குளிரும் எஞ்சின் அங்கே எடுபடாது" என்கிறாராம். ஏப்ரல் வசந்தகாலத்தில் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டியைப் பார்க்க இந்தக் காரிலேயே போகலாமா என்பது கேள்வி.

தாராளமாகப் போகலாம். ஆனால் முதலில் மாமனாரின் கணக்கைப் பார்த்துவிடுவோம். அதில் பாதி உண்மை இருக்கிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே வளியமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் வளி சுமார் 1.16 கிலோ இருக்கும். நுவரெலியாவில் 16 பாகையில் அதுவே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விசிறி ஒவ்வொரு சுற்றிலும் தள்ளும் வளியின் திணிவு ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மாமனார் சொன்னது இதைத்தான். மற்றப் பாதியை அவர் விட்டுவிட்டார். வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பது இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையிலான வித்தியாசத்தையும் பொறுத்தது. 150 பாகையில் இருக்கும் உருளைக்கும் கொழும்பு வளிக்கும் வித்தியாசம் 120 பாகை. நுவரெலியாவில் 134 பாகை. வளியின் மெலிவால் இழந்ததில் பெரும்பகுதியை மலைக்குளிர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மெலிந்த வளியை உறிஞ்சும் எஞ்சினால் முழு வலுவையும் காட்ட முடியாது என்பதால், பிறக்கும் வெப்பமும் குறைவு. மாமனாருக்கு அரைப் புள்ளி. குற்றவாளி வேறெங்கோ இருக்கிறான்.

ஒரே கனவளவுள்ள வளியையும் நீரையும் எடுத்துக்கொண்டால், நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். ஆகவே நீரை விலக்கிவிட்டு வளியை நம்பும் எஞ்சினுக்கு இரண்டு தேவைகள் உண்டு: வெப்பத்தைப் பரத்திக்கொடுக்க உருளைகளைச் சுற்றி மெல்லிய தகட்டு வரிகள், அவற்றின் இடுக்குகளுக்குள் ஓயாமல் வளியைத் திணிக்க ஒரு விசிறி. கார்மன் கியாவின் எஞ்சின், அதே நிறுவனத்தின் பீட்டில் காரின் எஞ்சின்தான். காரின் பின்புறத்தில் மூடிய அறைக்குள் இருக்கிறது. வீதியில் எதிர்ப்படும் காற்று உருளைகளில் நேரே படுவதே இல்லை. எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து ஒரு பெல்ட் டைனமோவைச் சுற்றுகிறது, டைனமோவின் மறுமுனையில் விசிறி. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். கார் எந்தக் கதியில் போகிறது என்பதைப் பற்றி விசிறிக்கு ஒரு கவலையும் கிடையாது.

றம்பொடையின் மர்மம் இங்கேதான் அவிழ்கிறது. 35 கிலோமீற்றர் கதியில் ஒரு ஏற்றத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். அந்தக் கதியில் காரை மேலே தூக்கத் தேவைப்படும் வலு, எந்தக் கியரில் போனாலும் ஒன்றுதான். பிறக்கும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாம் கியரில் இந்த எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,500 தடவை சுற்றும். இரண்டாம் கியரில் 2,500. விசிறி தள்ளும் வளியின் அளவு சுற்றுகளுக்கு நேர்விகிதசமம். அதன் அமுக்கமோ சுற்றுகளின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமம். கியரை ஒன்று குறைத்தால் வளி அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, இடுக்குகளுக்குள் தள்ளும் அமுக்கம் இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. கூடுதல் சுழற்சியால் உராய்வும் பெற்றோல் செலவும் கொஞ்சம் ஏறும். கிடைக்கும் குளிர்ச்சிக்கு முன்னால் அது பெரிதல்ல. எஞ்சின் கத்துகிறதே பாவம் என்று இரக்கப்பட்டு மூன்றாம் கியரில் உறுமி உறுமி ஏறுகிறவர்தான் அதை வேகவைக்கிறார்.

கியரைக் குறைத்தும் ஒயில் கொதித்தால், விசிறி தள்ளிய வளி வழியில் எங்கோ களவு போகிறது. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதை விரலால் அழுத்தியே அறியலாம். பெல்ட் அறுந்தால் விசிறியும் டைனமோவும் ஒன்றாக நின்றுவிடும் என்பதால், இந்தக் காரில் பற்றரி விளக்கு எரிந்தால் அது பற்றரிச் செய்தி மட்டுமல்ல. அந்தக் கணமே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். பிறகு எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள இறப்பர்ப் பட்டியைப் பாருங்கள். மேலே குளிர்ந்த வளி, கீழே உருளைகளைத் தழுவி வெளியேறும் சூடான வளி. இரண்டையும் பிரிப்பது எஞ்சினைச் சூழ்ந்த தகரங்களும் அந்தப் பட்டியும்தான். பட்டி இற்றுப்போயிருந்தால், லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது வெளியேறிய சூட்டையே விசிறி மறுபடி உள்ளே இழுக்கும்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு களவும் உண்டு. குளிர்நாட்டுக்காரர்களுக்காக இந்தக் காரில் சூடேற்றி வைத்திருந்தார்கள். அதற்கு வளி கொடுக்க விசிறிக்கூட்டில் இரண்டு வாய்கள் இருக்கின்றன. இங்கே சூடேற்றி எதற்கென்று குழாய்களைக் கழற்றி எறிந்தவர்கள், வாய்களை மூட மறந்துவிட்டார்கள். உருளைக்குப் போகவேண்டிய வளி அந்த இரண்டு ஓட்டைகளாலும் வீணே போகிறது. ஒரு தகரத்துண்டும் இரண்டு ஆணிகளும் போதும். நெடுநாள் கொட்டகையில் கிடந்த கார் என்றால் விசிறிக்கூட்டைக் கழற்றியே தீரவேண்டும். உள்ளே எலி மானாப்புல்லையும் பழைய சாக்கு நூலையும் திணித்துக் குடித்தனம் நடத்தியிருக்கும். ஒயில் கசிவில் ஊறிய தூசு தகட்டு வரிகளுக்கிடையே களிபோல இறுகியிருக்கும். முக்கியமாக மூன்றாம் உருளையைப் பாருங்கள். 1971க்கு முந்திய கூடுகளில் ஒயில் குளிர்விப்பான் விசிறிக்கும் அந்த உருளைக்கும் நடுவே நிற்கிறது. தன் வெப்பத்தையும் வளியில் ஏற்றிவிட்டு, மிச்சத்தைத்தான் மூன்றாம் உருளைக்குக் கொடுக்கிறது. பின்னர்தான் குளிர்விப்பானைத் தள்ளிவைத்து அதற்கெனத் தனிவழி அமைத்தார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த உறுப்புக்கு வருகிறேன். வலப்பக்க உருளைகளுக்குக் கீழே, சூடான வளி வெளியேறும் வழியில், ஆர்மோனியத் துருத்திபோல மடிப்புமடிப்பான ஒரு சிறு உலோகக் குப்பி தொங்குகிறது. வளியை அகற்றிவிட்டு, எளிதில் ஆவியாகும் திரவம் சிறிது ஊற்றி அடைத்திருக்கிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்ளே அமுக்கம் அநேகமாக இல்லை. வெளியிலுள்ள வளிமண்டலம் குப்பியைப் பிழிந்து சுருக்கி வைக்கிறது. விசிறிக்கூட்டுக்குள் இருக்கும் மடல்கள் மூடியிருக்கின்றன, எஞ்சின் விரைவில் சூடேறுகிறது. 65 முதல் 70 பாகை அளவில் திரவம் ஆவியாகிக் குப்பியை நீட்டுகிறது. ஒரு மெல்லிய கம்பி மேலெழுந்து மடல்களைத் திறந்துவிடுகிறது. மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. சாதாரண தரத்தில் படித்த ஆவியமுக்கம் ஒன்றே வேலையை முடிக்கிறது.

குப்பி ஓட்டையானால் என்ன ஆகும்? வெற்றிடம் போய்விடும், பிழிவதற்கு ஆளில்லை, மடிப்புகள் தம் இயல்பான நீளத்துக்கு விரியும், மடல்கள் திறந்தபடியே நிற்கும். பழுதானாலும் குளிர்ச்சியின் பக்கமே சாயும்படி வடிவமைத்திருக்கிறார்கள்! இன்னொரு வேடிக்கையும் உண்டு. நுவரெலியாவில் வளிமண்டலத்தின் பிடி தளர்வானது; ஆகவே குப்பி அங்கே கீழ்நாட்டைவிடக் கொஞ்சம் முந்தியே திறக்கும். மலைக்கு ஏற்றபடி அது தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது.

இப்படிப்பட்ட ஒன்றை, வெப்பநாட்டுக்கு இது தேவையில்லை என்று பிடுங்கி எறிவதை என்னால் பொறுக்க முடியவில்லை. மாசி மாதத்து நுவரெலியாக் காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். அதை வெப்பநாடு என்று எந்த மெக்கானிக் சொன்னார்? சூடேறாத எஞ்சினில் பெற்றோல் உருளைச் சுவரின் ஒயிலைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும். மடல்கள் திறந்திருக்கையில் வளியைத் திசைதிருப்பும் வேலையையும் செய்கின்றன. அவற்றைக் கழற்றினால் அதுவும் கெடும். குப்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கழற்றி வெந்நீரில் போட்டால் போதும். கண்ணெதிரே நீளும்.

கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டுகிறவரோடு சண்டையும் இல்லை. வழிப்பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்துவதில் மட்டும் ஒரு வேண்டுகோள். ஏற்றத்தில் கொதித்த எஞ்சினை நிறுத்திய நொடியே அணைக்காதீர்கள். எஞ்சின் நின்றால் விசிறியும் நிற்கும். உருளைத் தலையில் தேங்கிய வெப்பத்துக்குப் போக்கிடம் இருக்காது. ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். பிள்ளையார் காத்திருப்பார்.

இதெல்லாம் பழைய கார் வைத்திருக்கும் வசதிக்காரரின் கவலை என்று நினைக்க வேண்டாம். தோட்டத்து லயத்திலிருந்து நோயாளியை ஆசுபத்திரிக்கு ஏற்றிவரும் முச்சக்கரவண்டியும் விசிறி வளியால்தான் குளிர்கிறது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏறும்போது அதன் உருளைத் தலை எவ்வளவு சூடாகிறது என்பதை, சில ஆயிரம் ரூபாய் உணரிகளைக் கொண்டு ஒரு பல்கலைக்கழக மாணவர் அளந்துவிடலாம். பேராதனைப் பொறியியற் பீடமோ மலையடிவாரத்திலேயே இருக்கிறது. நம் ஆராய்ச்சி நிதி பெரிய சொற்களைத் தேடிப் போகிறதே தவிர, இப்படிப்பட்ட சின்ன அளவீடுகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

கடைசியாக, கராஜ்காரர் சொன்ன தடித்த ஒயில். இந்த எஞ்சினில் ஒயில் குளிர்விப்பானுக்குப் போவதா வேண்டாமா என்பதை ஒரு சிறு முளையும் சுருள்வில்லும் தீர்மானிக்கின்றன. ஒயில் தடிப்பாக இருந்தால் அமுக்கம் ஏறி முளை கீழிறங்கும். ஒயில் குளிர்விப்பானைத் தவிர்த்துவிட்டுக் குறுக்குவழியில் போகும். ஒயில் சூடாகி இளகிய பிறகே முளை மேலேறி அந்த வழியை அடைக்கும். தேவைக்கு மேல் தடித்த ஒயிலை ஊற்றினால் அது குளிர்விப்பானைக் காணவே நேரமெடுக்கும். விளக்கு மினுக்குவதை அது மறைக்கலாம், சூட்டைத் தணிக்காது. முளை அழுக்கேறிக் கீழேயே சிக்கிக்கொண்டால் எந்த ஒயிலாலும் பயனில்லை. எஞ்சினின் அடியில் அகன்ற திருகாணித் தலையொன்று தெரியும். அதைக் கழற்றினால் வில்லும் முளையும் கையில் விழும். முளையில் கீறல் இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கையேட்டில் சொன்ன ஒயிலை இரண்டரை லீற்றர் ஊற்றுங்கள். பிறகு றம்பொடையை இரண்டாம் கியரில் ஏறுங்கள்.