பிரெய்ன்ஸ்டார்மிங்: எண்ணம் திரட்டல்

தொண்டு நிறுவனங்களின் கூட்ட அழைப்பில் ‘பிரெய்ன்ஸ்டார்மிங்’ (பலர் கூடிப் புது யோசனைகளைத் திரட்டுவது) என்று போடுவது வழக்கமாகிவிட்டது. தமிழில் போட நினைப்பவர்கள் ‘மூளைப்புயல்’, ‘கருத்துப்புயல்’ என்கிறார்கள். இரண்டும் பொருந்தவில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘பிரெய்ன்ஸ்டார்ம்’ என்றால் திடீரெனப் புத்தி பேதலித்துப்போவது. 1907இல் நியூயார்க்கில் நடந்த கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட ஹாரி தா என்பவரின் தரப்பு வாதத்தில் இச்சொல் அடிபட்டு, நாளிதழ்கள் வழியே பரவியது. அந்தப் பொருளுக்கு மூளைப்புயல் சரியாகவே இருக்கும். ஆனால், பி.பி.டி.ஓ. விளம்பர நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான அலெக்ஸ் ஆஸ்பார்ன் இதே சொல்லைக் குழுச் சிந்தனைக்கு வைத்தபோது பொருள் மாறிவிட்டது. 1939இல் தம் அலுவலகத்தில் இம்முறையைத் தொடங்கிய அவர் சொன்ன விளக்கத்தில், ‘ஸ்டார்ம்’ என்பது படைவீரர் கோட்டைமேல் பாய்வது. மூளையைக் கொண்டு ஒரு சிக்கலைத் தாக்குவது. நம் புறத்திணையில் அது உழிஞை, அதாவது கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றும் போர். அந்தப் பெயரை வைத்து அழைப்பிதழ் அடித்தால் யாரும் வரமாட்டார்கள் என்பது வேறு.

பழந்தமிழில் இதற்கு நெருங்கிய சொல் ‘சூழ்ச்சி’. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்ற குறளில் அது கலந்து ஆராய்தலையே குறிக்கிறது. இன்றோ, நன்கொடை திரட்டச் சூழ்ச்சி செய்தோம் என்று அறிக்கையில் எழுதினால் தணிக்கையாளர் திடுக்கிடுவார். ஆகவே ‘எண்ணம் திரட்டல்’ என்பதைப் பரிந்துரைக்கிறோம். எண்ணுதல் என்றால் நினைப்பதும்தான், கணக்கிடுவதும்தான். இம்முறைக்கு எண்ணிக்கையே உயிர். ‘நிதி திரட்டல்’ ஏற்கெனவே புழங்குவதால் நாவிலும் ஒட்டும்.

ஆஸ்பார்ன் வகுத்த விதிகள் நான்கு: குறை சொல்லாதே, கிறுக்குத்தனமாகப் பட்டாலும் சொல், நிறையச் சொல், பிறர் சொன்னதன்மேல் கட்டு. தேர்ந்தெடுப்பது தனி வேலை, பிறகு நடப்பது.

நெல்லைச் சீமையில் முதலில் உடைவது முதல் விதிதான். கோயில் கொடை விழாவுக்கு வரி போட ஊர் கூடினால், போன வருசக் கணக்கை வாசித்து, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று முடித்துவிடுவார்கள். பெரியவர் பேசுவார், மற்றவர்கள் ‘அண்ணாச்சி சொன்னாச் சரிதான்’ என்பார்கள். முடிவெடுக்க அது நல்ல முறை. புது யோசனை பிறக்க அது ஆகாது. ‘போன கொடைக்கே அது எடுபடலயே’ என்று ஒருவர் சொன்னால் போதும், கடைசி வரிசையில் இருக்கும் கல்லூரிப் பிள்ளை அதற்குமேல் வாய் திறக்காது.

இரண்டாவது கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. 1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வில், சேர்ந்து பேசிய நால்வர் குழுவைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைக் கூட்டியபோது ஏறத்தாழ இருமடங்கு தேறியது. 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற உளவியலாளர் இருவரும் முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், காத்திருக்கையில் யோசனை மறக்கும், அல்லது மற்றவர் பேச்சில் அடித்துப்போகும். ஆகவே, பேசுவதற்கு முன் எழுத வேண்டும்.

அதற்கு 1968இல் பெர்ன்ட் ரோர்பாக் வெளியிட்ட 6-3-5 முறை கைகொடுக்கும். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாளை இடப்பக்கம் தள்ளுவது. ஆறு சுற்றில், 30 நிமிடத்தில், 108 பதிவுகள். பல இரட்டித்திருக்கும், கவலை வேண்டாம். தாளில் பெயர் எழுதக் கூடாது. தலைவரும் மற்றவர்களோடு எழுதட்டும். பேச்சு தொடங்கும்போது மட்டும் அவர் கடைசியில் பேசட்டும். பன்னிரண்டு பேர் வந்தால் இரண்டு மேசை போடுங்கள். ஒரே வட்டமாக உட்கார வைத்தால் தாள் சுற்றி வருவதற்குள் சலிப்புத் தட்டிவிடும்.

கேள்வியை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும், அதுவும் குறுகலாக. ‘நிதியை எப்படித் திரட்டுவது?’ என்று கேட்டால் உண்டியல், ரசீது புத்தகம், கலைநிகழ்ச்சி என்று பழைய சரக்கே வரும். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராம நூலகத்துக்கு அலமாரி வாங்க ₹60,000 தேவை என்று வையுங்கள். ‘ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லை டவுனுக்கு வருகிறவர்கள், ஒரு நிமிடம் நின்று, ஆளுக்கு ₹50 தர என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். யாரிடம், எங்கே, எவ்வளவு என்று மூன்றும் அதில் இருக்கின்றன.

தாள் நகர்வது இப்படி இருக்கும். முதல் ஆள் ‘ரதவீதியில் நீர்மோர்ப் பந்தல்’ என்று எழுதுகிறார். அடுத்தவர், ‘பக்கத்தில் உண்டியல்’. மூன்றாமவர், ‘மோர்ச் செலவை ஒரு கடைக்காரர் ஏற்கட்டும்’. நான்காமவர், ‘காலி அலமாரி ஒன்றைப் பந்தலிலேயே நிறுத்துவோம். ₹50 தருகிறவர் தன் பெயரை ஓர் அட்டையில் எழுதி அதில் அடுக்கட்டும்’. முதல் ஆள் இதை நினைத்திருக்கவே மாட்டார். நீர்மோரோடு நின்றிருந்தால் அது வெறும் தண்ணீர்ப்பந்தல்தான்.

எழுதி முடித்ததும் பத்து நிமிடம் காப்பிக்கு விடுங்கள். பிறகு ஒத்தவற்றை ஒன்றாக்கிச் சுவரில் ஒட்டி, ஆளுக்கு மூன்று ஒட்டுப்பொட்டு கொடுத்து, பிடித்ததில் ஒட்டச் சொல்லலாம். வாக்குச்சீட்டு, பெட்டி எதுவும் தேவையில்லை. இங்கேயும் தலைவர் கடைசியில்தான் ஒட்ட வேண்டும்; முதலில் ஒட்டினால், அவர் பொட்டு விழுந்த இடத்திலேயே மற்ற பொட்டுகளும் போய் விழும்.

பொட்டு அதிகம் வாங்கியது உடனே தேறிவிடாது. அதற்கு எவ்வளவு செலவு, யார் பொறுப்பு, எந்தத் தேதி என்று மூன்று விடை வேண்டும். விடை இல்லாததைத் தள்ளி வையுங்கள். சட்டம் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான், முன்னால் அல்ல. 80ஜி என்று அறியப்பட்ட, நன்கொடையாளருக்கான வருமான வரிச்சலுகை, ₹2,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடைக்காது; பெரிய தொகைக்குக் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ வேண்டும். கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கம் ‘வளைகுடாவில் இருக்கிறவர்களிடம் கேட்போம்’ என்ற யோசனை கட்டாயம் வரும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேற்றுநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதற்கு உள்துறை அமைச்சகத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.